கடல் தாண்டிய சாமானும் கரையில் கட்டும் தீர்வையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு, நாட்டரசன்கோட்டை)

நாட்டரசன்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும் உள்ள பழைய நகரத்தார் வீடுகளில், முகப்பிலிருந்து வளவைக் கடந்து இரண்டாங்கட்டு வரை நடந்தால் கால் படுவதும் கண் படுவதும் பெரும்பாலும் கப்பலேறி வந்தவை. தூண்கள் பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலிச் சலவைக்கல். சுவரில் பெல்ஜியம் நிலைக்கண்ணாடி, ஜப்பான் பூவோடு. கூரையைத் தாங்குவது இங்கிலாந்து இரும்பு உத்திரம். சாமான் அறையைத் திறந்தால் சுவீடன் எனாமல் பாத்திரங்கள். எல்லாம் கடல் கடந்தவைதாம். ஆனால் சுங்கச் சட்டத்தின் கண்ணுக்கு இவை ஒரே வகையல்ல. சலவைக்கல்லுக்கும் கண்ணாடிக்கும் துறைமுகத்தில் இறக்குமதித் தீர்வை கட்டியாக வேண்டியிருந்தது. தேக்குக்கு அப்படியொரு தீர்வையே இல்லை.

காரணம் மரத்தில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. 1937 மார்ச் 31 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூனில் ஏற்றிய மரம் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இறங்கினால் அது ஒரே நாட்டின் இரு துறைமுகங்களுக்கு இடையே நடந்த கரையோர வணிகம். வங்கக் கடலின் அகலம் கணக்கில் வரவில்லை. இறக்குமதித் தீர்வை என்பது கடலைத் தாண்டியதற்கான கட்டணம் அன்று. வரி எல்லையைத் தாண்டியதற்கான கட்டணம். இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால், இன்று திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டுவது வரை எல்லாம் விளங்கும்.

வெளியிலிருந்து வரும் பொருளுக்கு வரி வாங்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. அதற்கு ‘உல்கு’ என்ற பழஞ்சொல் உண்டு. திருக்குறள் அரசனுக்கு உரிய பொருள்களை எண்ணும்போது உல்கையும் சேர்த்தே எண்ணுகிறது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முற்றத்தில் ஏற்றுமதிச் சரக்கும் இறக்குமதிச் சரக்கும் அளக்கப்பட்டுப் புலி முத்திரை பெறுவதைக் காட்டுகிறது. நகரத்தார் தங்கள் முன்னோர் அந்தப் பட்டினத்திலிருந்தே பாண்டிய நாட்டுக்கு வந்தனர் என்று மரபாகச் சொல்வர். அப்படியானால் சுங்க முத்திரை அவர்களுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். முதலாம் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்றே பெயர் பெற்றான். ஒரு வரியை நீக்கியதே பட்டப்பெயராகும் அளவுக்கு அந்த வரி மக்களை அழுத்தியிருக்க வேண்டும். 1244-ல் காகதீய மன்னன் கணபதிதேவன், ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கல்வெட்டு நாட்டினான். கடல் வணிகரிடம் முப்பதில் ஒரு பங்குக்கு மேல் வாங்குவதில்லை என்பது அதன் வாக்குறுதி. எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைச் சரக்கு இறங்கும் முன்பே கல்லில் எழுதி வைத்த அந்த அரசனின் நேர்மை இன்றைய அறிவிக்கைகளுக்கும் வேண்டியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. ஊருக்கு ஊர் நின்ற உள்நாட்டுச் சுங்கச் சாவடிகள் சென்னை மாகாணத்தில் 1844-ல் எடுக்கப்பட்டன. வரி எல்லை கடற்கரைக்கு நகர்ந்தது. 1878-ன் கடல் சுங்கச் சட்டம் துறைமுக நடைமுறையை ஒரே ஒழுங்கில் கொண்டுவந்தது. 1882-ல் லங்காஷயர் ஆலைகளின் நலனை முன்னிட்டுப் பெரும்பாலான இறக்குமதித் தீர்வைகள் அடியோடு நீக்கப்பட்டன. அரசுக்குப் பணமுடை வந்ததும் 1894-ல் பொதுத் தீர்வை 5 சதவீதமாகத் திரும்ப வந்தது. இரும்புக்கும் எஃகுக்கும் 1 சதவீதம்தான். முதல் உலகப் போரின் நடுவே 1916-ல் பொது விகிதம் 7.5 ஆயிற்று. 1921-ல் 11, 1922-ல் 15, உலகப் பொருளாதாரச் சரிவின்போது 1931-ல் கூடுதல் தீர்வைகளோடு 25 சதவீதம்.

செட்டிநாட்டுப் பெருவீடுகள் பெரும்பாலும் எழுந்த காலத்தோடு இந்த எண்களை ஒட்டிப் பார்க்க வேண்டும். அவ்வீடுகளின் செல்வத்துக்குப் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் நடந்த வட்டித் தொழிலையே எல்லோரும் காரணம் சொல்வர். அது உண்மைதான். ஆனால் ஈட்டிய பணத்தை ஐரோப்பியச் சாமானாக மாற்றுவதற்கு அந்நாளின் தீர்வை விகிதமும் வழிவிட்டது. நூறு ரூபாய்ச் சலவைக்கல்லுக்கு ஐந்து ரூபாய் என்பது கட்டுகிறவர் கணக்கில் உறுத்தாத தொகை. இருபத்தைந்து ரூபாய் என்றால் மேஸ்திரியோடு உட்கார்ந்து மறுகணக்குப் போட வேண்டும். 1924-ல் உள்நாட்டு எஃகுத் தொழிலைக் காக்கத் தனிச் சட்டம் வந்தபின் சீமை உத்திரமும் விலை ஏறியது. வெளிச் சரக்கின் விலை ஏற ஏற உள்ளூர்க் கைவேலைக்கு மதிப்புக் கூடும். கண்ணாடிப் பலகை மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றி வெயிலில் உலர்த்தும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் இது பொருந்தும்.

1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனி ஆட்சிப் பகுதியாயிற்று. ஒரே இரவில் ரங்கூன் வெளிநாடு. ஆயினும் அன்றே தீர்வை விழவில்லை. இரு நாட்டு வணிகம் பழையபடி நடக்க ஓர் இடைக்கால ஆணை இடம் தந்தது. 1941-ல் புதிய உடன்பாடு அதன் இடத்தைப் பிடித்தது. மறு ஆண்டே ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்தது. தேக்கின் கதை வரிப் புத்தகத்தால் அல்லாமல் போரால் முடிந்தது.

கொண்டுவிற்கப் போய்த் திரும்பியவர்கள் கையோடு கொண்டுவந்த சாமானுக்கும் சுங்கம் உண்டு. 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்துத் தொடங்கியபின், இலங்கையிலிருந்து வந்தவர்களின் பெட்டிகள் தனுஷ்கோடியில் திறந்து பார்க்கப்பட்டன. 1964 டிசம்பர்ப் புயல் அந்த ஊரையே கொண்டுபோயிற்று. பினாங்கு, சிங்கப்பூர்ப் பயணிகளுக்கு நாகப்பட்டினமும் சென்னையும். ‘ரஜுலா’ கப்பலும் அதன்பின் ‘சிதம்பரம்’ கப்பலும் எத்தனையோ குடும்பங்களின் பேச்சில் இன்னும் மிதக்கின்றன. சிங்கப்பூர் 1819-ல் நிறுவப்பட்ட நாள்முதல் தீர்வையற்ற துறைமுகம்; அங்கே மலிவாக வாங்கிய கடிகாரமும் ரேடியோவும் இங்கே இறங்கும்போது மலிவு குறைந்துபோகும். விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் தீர்வையோடு இறக்குமதி உரிமமும் சேர்ந்துகொண்டது. இப்போது நடப்பில் இருக்கும் சுங்கச் சட்டம் 1962-ல் இயற்றப்பட்டது. விகிதங்களைச் சொல்வது 1975-ன் சுங்கத் தீர்வைச் சட்டம். 1991-92-ல் 150 சதவீதமாக இருந்த உச்ச விகிதம், தொழிற்பொருள்களுக்குப் படிப்படியாக இறங்கி 2007-08-ல் 10 சதவீதத்துக்கு வந்தது.

இன்று ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளை வரவழைத்தால் தீர்வை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். விகிதம் எவ்வளவு என்று கேட்பவர், எதன்மேல் விகிதம் என்று கேட்பதில்லை.

தீர்வை, கடைக்காரருக்குக் கொடுத்த விலையின்மேல் மட்டும் விழுவதில்லை. விலையோடு கப்பல் அல்லது விமானக் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகையே மதிப்பீட்டு மதிப்பு. விமானக் கூலி எவ்வளவு அதிகமானாலும் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று 2007-ன் மதிப்பீட்டு விதிகள் வரம்பு கட்டுகின்றன. காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் விலையில் 1.125 சதவீதம் என்று எடுத்துக்கொள்வர். டாலரையோ யூரோவையோ ரூபாயாக்குவது வங்கி விகிதத்தில் அல்ல, சுங்க வாரியம் வெளியிடும் விகிதத்தில். தள்ளுபடியில் வாங்கியிருந்தால் உண்மையில் கொடுத்த விலைதான் அடிப்படை. அந்த விலை நம்பத்தகுந்ததாக இல்லை என்று அதிகாரி கருதினால் ஆவணம் கேட்கலாம்; விளக்கம் போதாவிட்டால் ஒத்த பொருள்களின் விலையைக் கொண்டு மதிப்பிடலாம். பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பவருக்கு இங்கே சிக்கல் குறைவு.

பழைய வீட்டைப் புதுப்பிக்கும் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து ஓர் அலங்கார விளக்கை வரவழைக்கிறார் என்று கொள்வோம். விலை ரூ.84,000, கூலி ரூ.15,000, காப்பீடு ரூ.1,000. மதிப்பு ரூ.1,00,000. அடிப்படைச் சுங்கத் தீர்வை 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ரூ.20,000. அந்த இருபதாயிரத்தின்மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் தீர்வை, ரூ.2,000, இது 2018-ல் பழைய கல்வித் தீர்வைகளின் இடத்தில் வந்தது. மூன்றும் சேர்ந்து ரூ.1,22,000. ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி இந்த முழுத் தொகையின்மேல் விழும். 18 சதவீதமானால் ரூ.21,960. ஆக மொத்தம் கட்ட வேண்டியது ரூ.43,960. இருபதும் பதினெட்டும் முப்பத்தெட்டு என்று மனக்கணக்குப் போட்டவருக்கு ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய் இடிக்கும். வரியின்மேல் வரி ஏறுவதே அதற்குக் காரணம். இதன்மேல் கூரியர் நிறுவனம் தன் சேவைக்கு வாங்கும் கட்டணம் வேறு. அது அரசு வரியன்று, பில்லில் தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்த நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சத்தில் மாநிலத்துக்கு என்ன சேரும்? வரி பற்றிய பேச்சுகளில் அதிகம் கேட்கப்படாத கேள்வி இது. கேட்கப்பட வேண்டிய கேள்வி. சுங்கம் மத்திய அரசின் அதிகாரம். சரக்கு சேவை வரி வந்த 2017 ஜூலை 1-க்கு முன், ஒருவர் தம் வீட்டுக்காக நேரே வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பொருளின்மேல் மாநிலம் விற்பனை வரி வாங்க முடியவில்லை. இறக்குமதியின் போக்கில் நடக்கும் விற்பனைக்கு மாநிலம் வரி விதிப்பதை அரசியலமைப்பின் 286-ம் பிரிவு தடுக்கிறது. உள்ளூர் வணிகர் மாநில வரி கட்ட, வெளிச்சரக்கு அது இல்லாமல் நுழைவது நியாயமல்ல என்று கருதி, அதற்கு ஈடாக 2006 முதல் 4 சதவீதச் சிறப்புக் கூடுதல் தீர்வையை மத்திய அரசே வசூலித்தது. சரக்கை விற்று மாநில வரி கட்டிய வணிகர் அந்த நான்கைத் திரும்பப் பெற வழி இருந்தது. வீட்டுக்கு வாங்கியவருக்கு இல்லை.

மாநிலங்கள் வேறொரு கதவைத் திறந்தன. அதுதான் நுழைவு வரி. தமிழ்நாடு மோட்டார் வாகனங்களுக்கு 1990-லும், பிற பொருள்களுக்கு 2001-லும் நுழைவு வரிச் சட்டங்கள் இயற்றியது. வெளிநாட்டுக் கார் வாங்கியவர்கள், சுங்கம் கட்டிய வண்டிக்கு மாநிலம் மறுபடி வரி கேட்பது செல்லாது என்று வழக்காடினர். 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு நுழைவு வரி விதிக்கும் மாநில அதிகாரத்தை உறுதி செய்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பொருளுக்கும் அது பொருந்தும் என்று 2017 அக்டோபரில் மற்றொரு தீர்ப்பு சொன்னது. நாட்டின் எல்லையைக் கடப்பது ஒன்று, ஊரின் எல்லைக்குள் நுழைவது வேறொன்று என்பது அதன் சாரம். ஒரே காருக்கு இரண்டு எல்லைகள். அதற்குள் சரக்கு சேவை வரிக்கான அரசியலமைப்புத் திருத்தம் நுழைவு வரிக்கு ஆதாரமான இனத்தையே மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தீர்ப்பின் பயன் பழைய நிலுவைகளுக்கு மட்டும்.

இப்போதைய ஏற்பாடு நேரானது. இறக்குமதிப் பொருளின் ஒருங்கிணைந்த வரியை மத்திய அரசு துறைமுகத்தில் வசூலிக்கிறது. ஆனால் அந்த வரிக்கு உரிய இடம் இறக்குமதி செய்தவர் இருக்கும் இடம். நாட்டரசன்கோட்டைக்காரர் வரவழைத்த விளக்கு கொச்சியிலோ மும்பையிலோ இறங்கினாலும் பங்கு தமிழ்நாட்டுக்குத்தான். சரக்கு சேவை வரிப் பதிவு பெறாத வீட்டுக்காரர் என்றால் ரூ.21,960-ல் சரிபாதி, ரூ.10,980, மாநிலத்துக்கு வரும். அடிப்படைத் தீர்வையின் கதை வேறு. அது மத்திய–மாநிலப் பகிர்வுத் தொகுப்பில் சேரும். பதினைந்தாம் நிதிக்குழு 2021–26 காலத்துக்கு அத்தொகுப்பில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது; அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். வசூல் செலவை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ரூ.20,000-ல் தமிழ்நாட்டுக்கு ஏறத்தாழ ரூ.334. சமூக நலத் தீர்வை ரூ.2,000-ல் எந்த மாநிலத்துக்கும் ஒரு காசு இல்லை. கூடுதல் தீர்வைகள் பகிர்வுத் தொகுப்புக்குள் வாரா. தீர்வை கூட்டப்படும்போது எந்தப் பெயரில் கூட்டப்படுகிறது என்பதை மாநிலங்கள் உற்றுப் பார்ப்பதன் நியாயம் இந்த மூன்று எண்களில் இருக்கிறது.

அஞ்சலிலும் கூரியரிலும் வரும் சிறு பொருள்களுக்குத் தனி வழி உண்டு. தனி உபயோகத்துக்கு வருபவை தீர்வை அட்டவணையின் 9804 என்ற தலைப்பில் அடங்கும். மருந்துகளைத் தவிர மற்றப் பொருள் எதுவாயினும் அங்கே ஒரே விகிதம் என்பதால், வணிகருக்குக் குறைந்த தீர்வையுள்ள பொருளுக்கு வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்ட நேர்வதும் உண்டு. முன்பு அன்பளிப்பு என்ற பெயரில் ரூ.5,000 வரை தீர்வையின்றி வந்தன. வெளிநாட்டு இணையக் கடைகள் வணிகச் சரக்கையே அன்பளிப்பு என்று ஒட்டி அனுப்பத் தொடங்கியதால் 2019 டிசம்பரில் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. முழுத் தீர்வை கட்டினால் அன்பளிப்பு வரத் தடையில்லை. சிங்கப்பூரிலிருந்து அக்கா தம்பிக்கு அனுப்பும் சட்டை, கடைக்காரர்கள் செய்த தவற்றுக்காக வரி கட்டும் நிலை இது. பிற நாடுகளும் இதே வழியில் வந்திருக்கின்றன: சிங்கப்பூர் 2023 ஜனவரி முதல் 400 சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட சரக்குக்கும், மலேசியா 2024 ஜனவரி முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சரக்குக்கும் வரி விதிக்கின்றன, அமெரிக்கா 800 டாலர் வரையிலான விலக்கை 2025 ஆகஸ்டில் நிறுத்தியது.

கையோடு கொண்டுவருவதற்கான சலுகை கனிவானது. 2016-ன் பயணப்பொருள் விதிகள், வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியருக்குச் சொந்த உபயோகப் பொருள்கள் போக ரூ.50,000 மதிப்புள்ள சாமானுக்குத் தீர்வை விலக்குத் தந்தன. வரம்புக்கு மேற்பட்டதற்கு 35 சதவீதமும் அதன்மேல் சமூக நலத் தீர்வையும், ஆக 38.5 சதவீதம், சரக்கு சேவை வரி இல்லை. நேபாளம், பூடான், மியான்மர் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வருபவருக்கு மட்டும் அதே விதிகள் வரம்பை ரூ.15,000-ல் நிறுத்தின. ஒரு காலத்தில் தேக்குத் தூண்களைத் தீர்வையில்லாமல் அனுப்பிய ரங்கூன், சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கிடைத்த சலுகையில் மூன்றில் ஒரு பங்குகூடப் பெறவில்லை. இத்தொகைகள் திருத்தத்துக்கு உட்பட்டவை. பயண நாளின் வரம்பைச் சுங்க வாரியத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்வதே முறை.

தங்கம் தனி. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புவோருக்கு, ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை என்று அவ்விதிகள் விலக்குத் தந்தன. கூடவே மதிப்பு வரம்பும் வைத்தன. தங்கம் விலை ஏறியபின் எடை வரம்புக்குள் இருந்தும் மதிப்பு வரம்பைத் தாண்டித் தாலிச் சங்கிலிக்குக் கணக்குச் சொல்ல நேர்ந்த பெண்களின் மனவருத்தம் சிறிதன்று. வணிகத் தங்கத்தின் தீர்வை 2022-ல் 15 சதவீதம் வரை போய், 2024 ஜூலையில் 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இங்கிருந்து நகை அணிந்து செல்பவர் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பும்போது அது வெளிநாட்டு நகையா என்ற கேள்வி எழாது. திருமணத்துக்கும் சாந்திக்கும் வந்துபோகும் குடும்பங்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

வாங்கிய நாட்டில் கட்டிய வரியும் கணக்கில் உண்டு. சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணியாகச் சென்று 100 டாலருக்கோ அதற்கு மேலோ வாங்கியவர், சாங்கி விமான நிலையத்தில் அந்நாட்டு 9 சதவீத வரியைத் திரும்பக் கேட்கலாம். பொருள் எங்கே பயன்படப்போகிறதோ அந்த நாட்டுக்கே வரி என்பது இதன் அடிப்படை. சாங்கியில் வரியைத் திரும்ப வாங்கிய அதே நகை திருச்சியில் தீர்வைக்கு உட்படுவது முரண்பாடன்று. ஒரே கொள்கையின் இரு கரைகள்.

திருச்சியிலும் மதுரையிலும் இறங்குபவர் முன் இரண்டு வழிகள்: வரம்புக்குள் இருப்பவருக்குப் பச்சை, அறிவிக்க வேண்டியது இருப்பவருக்குச் சிவப்பு. சிவப்பு வழியில் செல்வதில் இழுக்கில்லை. தீர்வை கட்ட மனமில்லாதவர் பொருளை அறிவித்து, சுங்கத்தின் காவலில் விட்டுத் திரும்பப் போகும்போது எடுத்துக்கொள்ள 80-ம் பிரிவு இடம் தருகிறது. அறிவிக்காமல் பச்சை வழியில் சென்று பிடிபட்டால் பறிமுதல், மீட்புத் தொகை, அபராதம் என்று செலவு பொருள் விலையையே எட்டலாம். தீர்வை தவறாக விதிக்கப்பட்டது என்று கருதுபவர் ஆணை கிடைத்த 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம். கூடுதலாகக் கட்டியதை ஓராண்டுக்குள் திரும்பக் கேட்கலாம். இரண்டுக்கும் ரசீது வேண்டும். நகரத்தார் பேரேடுகளில் காலணாவும் பதிவானது. அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

வந்த சாமான் திரும்பிப் போவதற்கும் சட்டம் உண்டு. வீடுகள் பாகம் பிரியும்போது நிலைகளும் தூண்களும் கண்ணாடிகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன; அங்கிருந்து வெளிநாட்டு வாங்குவோர் கைக்குப் போக விரும்புகின்றன. 1972-ன் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி, நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. ஐயத்துக்கு இடமான பொருளுக்கு அது தொல்பொருள் அன்று என்று இந்தியத் தொல்லியல் துறை சான்று தந்த பின்பே சுங்கம் விடும். 1910-ல் 5 சதவீதம் கட்டி இறக்கிய பெல்ஜியம் கண்ணாடிக்கும், தீர்வையே கட்டாமல் இறங்கிய தேக்கு நிலைக்கும் இப்போது கேள்வி ஒன்றே: வயது நூறு ஆயிற்றா?